அலிகாந்தேயில் உட்கார ஓர் இடம்

1

நம் தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் ஆள் விட்டுக் கேட்கிறார்: "குறைஞ்ச செலவுல ஸ்பெயின்ல ஜாலியா இருக்கிறது எப்படின்னு நாலு பக்கம் எழுதப்பா." செகந்திராபாத்தில் இருக்கிற நீங்கள் எல்லோரும், நான் இங்கே கடற்கரையில் கால்மேல் கால் போட்டு ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. ஆரஞ்சுச் சாறு உண்மைதான். கால்மேல் கால் போட்டு உட்காரத்தான் எனக்கு வரவில்லை. என்னைப் பெற்றவர்களுக்கும் வரவில்லை. அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆகும் வரை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பம்ப் டெஸ்டிங் பிரிவில் இருந்த சாமுவேல் நான். வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிலையத்துக்கு எங்கள் கம்பெனி பம்புகளைப் பொருத்தப் போனேன். பக்கத்து பம்பைப் பொருத்திக்கொண்டிருந்த ஸ்பெயின்காரர் என் வேலையைப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கு வேலைக்கு வர்றியா" என்று கேட்டார். அப்படித்தான் அலிகாந்தே என்கிற இந்த ஊருக்கு, மனைவி கிரேஸையும் மகள் பியூலாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். இந்த ஆகஸ்டோடு மூன்று வருடம் முடிகிறது.

மூன்று வருடம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பெனி எனக்கு மூன்று வருடம் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்து, என் வேலையையும் குவார்ட்டர்ஸையும் என் பேரிலேயே வைத்திருந்தது. ஆபீஸ் பாஷையில் அதற்கு லீன் என்று பேர். ஆகஸ்டு முடிவதற்குள் திரும்பி வருகிறேன் என்றோ, ராஜினாமா என்றோ நான் சொல்லியாக வேண்டும். பெர்மனென்ட் வேலை, பென்ஷன் மாதிரி ஏதோ, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். அதை விடுவதா? இங்கிருந்து கிளம்புவதா? ஜூன் மாதத்திலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

2

சரி, ஆசிரியர் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல வேண்டியவள் கிரேஸ். இந்த ஊரைப் பைசா செலவில்லாமல் அனுபவிக்கும் கலையில் அவளுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

கடல் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. எங்கள் வீடு கோட்டை மலையின் அடியில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால் வாடகை குறைவு. இறங்கிப் பத்து நிமிடத்தில் மணலில் கால் வைத்துவிடலாம். வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில். நம்மூர் மே மாத வெயில் இல்லை. நல்ல குணமுள்ள வெயில். ஞாயிறு காலையில் வீட்டிலேயே ஒரு கீர்த்தனை பாடி ஜெபம் முடித்துவிட்டு, நகராட்சி பேண்டு வாசிப்பதைக் கேட்கக் கிளம்பிவிடுவாள். கடலோரச் சாலையில் பேரீச்ச மர வரிசை, அதன் கீழே நாற்காலிகள். உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பதுதான் இந்த ஊரின் முக்கியமான தொழில். சனிக்கிழமை மார்க்கெட் மூடுகிற நேரத்தில் போனால் மீன்காரம்மா பாதி விலைக்கு நெத்திலியை அள்ளிப் போடுவாள். சாயங்காலம் மலையேறிக் கோட்டை மேலிருந்து பார்த்தால் கப்பல், கடல், துவைத்துப் போட்ட துணிகளோடு மொட்டை மாடிகள் எல்லாம் தெரியும். இதற்கெல்லாம் ஷூ தேய்மானம் மட்டும்தான் செலவு.

வீட்டில் சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தரையில் இரண்டு மெத்தை, நாலு தட்டு, ஒரு மேசை. "எதுக்குங்க வீணா" என்பாள். அவள் சிக்கனத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கும்.

நானும் போவேன் கூட. போய் என்ன செய்வேன்? இங்கே ஒரு காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், ஒருத்தரும் முறைக்க மாட்டார்கள். நம் செகந்திராபாத் இரானி ஹோட்டலிலும் அப்படித்தான். ஆனால் நான் அந்த நாட்களிலேயே இரானி சாயை நின்றுகொண்டு குடித்தவன். கேன்டீனில் பத்து நிமிட டீ, சங்கு ஊதினால் எழுந்து ஓட வேண்டும். இங்கே சங்கும் இல்லை, ஓட இடமும் இல்லை. காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கிளம்பலாமா" என்பேன். "எங்க?" என்பாள் கிரேஸ். 

மத்தியானம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் வெயிலில் தனியாக நடந்துகொண்டிருப்பவன் நான் ஒருத்தன்தான். ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

3

போலீஸ் என்றதும் இங்கே தங்குவதற்கான பர்மிட் ஞாபகம் வருகிறது. ஸ்பெயின் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குக் காகிதம் இரட்டிப்பாகிவிட்டது. வருடா வருடம் போய் நிற்க வேண்டும். முதல் வருடம் அந்த அதிகாரி கேட்டதற்கெல்லாம் நான் தலையை ஆட்டினேன், நம்மூர் ஆட்டல், இரண்டு பக்கமும் சாய்த்து. அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிக்கொண்டார். படித்தீர்களா, இல்லை. வேலை இருக்கிறதா, இல்லை. மனைவி இருக்கிறாளா, இல்லை. கிரேஸ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதைச் சரி செய்ய இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருந்தது.

அதிலிருந்து பியூலா எங்கே போனாலும் என்னை எச்சரித்துவிடுவாள். "பப்பா, முண்டி நக்கோ ஹிலாவ்." தலையை ஆட்டாதே என்று அர்த்தம். அவளுக்குப் பதினொரு வயது. நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் வேறு எதிலாவது வரும். டவுன்ஷிப்பில் இருந்தவரை தெலுங்கில் வந்தது, கோபம் வந்தால் தக்கனி உருது. இப்போது பாதிக்கு மேல் ஸ்பானிஷ். மார்க்கெட்டில் நான் வாயைத் திறந்தால் அவள் பத்தடி முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவாள், இந்த ஆள் யாரோ எவரோ என்பது மாதிரி. கிரேஸ் சிரிப்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

இங்கே க்யூ நிற்பதிலும் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் "கடைசி ஆள் யார்?" என்று கேட்க வேண்டும். ஒருத்தர் கை தூக்குவார். அவருக்குப் பிறகு நீ. அவ்வளவுதான், அதன்பின் எங்கே வேண்டுமானாலும் போய் வேடிக்கை பார்க்கலாம், உன் முறை உனக்கு. கிரேஸ் கேட்டுவிட்டு மீனைப் பார்க்கப் போய்விடுவாள். எனக்கு இந்த வாய்ப்பேச்சில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அந்தக் கடைசி ஆளின் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்பேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

என்னைக் குற்றம் சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்கு முன்னால் லாலாகூடாவிலிருந்து ராமச்சந்திராபுரத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவன் நான். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்து சீட் பிடிக்கத் தெரியவில்லை என்றால் ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கர்ச்சீப் விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மேனேஜரே வந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவனிடம் வந்து "கடைசி ஆள் யார்" என்று கேட்டால் எப்படி?

4

ஆகஸ்டின் மூன்றாவது சனிக்கிழமை, டெலிபோன் ஆபீசுக்குப் போய் மூர்த்தியைக் கூப்பிட்டேன். மூர்த்தி எனக்கு டிரெயினி காலத்திலிருந்து நண்பன், இப்போது பெர்சனல் டிபார்ட்மென்டில் இருக்கிறான். இன்னும் ஒரு வருடம் லீனை நீட்டிக்க முடியுமா என்று அவனிடம் கேட்க வேண்டும். அதற்குள் மனசு ஒரு பக்கமாகச் சாயும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"கேக்கலாம்," என்றான் மூர்த்தி. "எழுதிக் குடு, மேல வரைக்கும் கொண்டுபோறேன். ஆனா என்னைக் கேட்டா வேணாம், நக்கோன்னுதான் சொல்லுவேன்."

"கைக்கு?" என்றேன், ஏன் என்று.

"யாதகிரிய நெனச்சுப் பாத்தியா நீ?"

யாதகிரி எனக்கு அடுத்தபடி இருந்த எஞ்சினியர். நான் வந்த பிறகு என் வேலையை அவன்தான் பார்க்கிறான். நல்ல பையன். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பத் தவறியதில்லை.

"அவனுக்கு என்ன?" என்றேன்.

"மூணு வருஷமா ஒன் வேலையச் செய்யறான். பேரு மட்டும் டெம்பரரி. அவனைக் கன்ஃபர்ம் பண்ண முடியாது, போஸ்ட் ஒன் பேருல இருக்குல்ல. குவார்ட்டர்ஸும் குடுக்க முடியாது, அதுலயும் ஒன் பூட்டுதான் தொங்குது. சதாசிவப்பேட்டையிலேர்ந்து டெய்லி பஸ்ல வர்றான், கைக்கொழந்தைய அங்க விட்டுட்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா."

"அவன் எப்படிச் சொல்லுவான் சாம்? ஒன்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். வந்தா வா. ராஜாவாட்டம் வா, நாங்க ஸ்டேஷனுக்கு வர்றோம். வரலைன்னா விட்டுடு. நடுவுல நிக்காத."

"ஹவ்," என்றேன். ஆமாம் என்பதற்கு மேல் வேறு என்ன சொல்வது?

இதைக் கிரேஸிடம் சொல்லவில்லை. லீன் விவகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜூனிலேயே சொல்லியிருந்தேன். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காததை நான் என் இஷ்டப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

5

மறுநாள் ஞாயிறு. ஆகஸ்டில் உள்நாட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் மொத்தமாக வந்து இறங்கிவிடுவார்கள். பத்து மணிக்குப் போனால் மணலில் கால் வைக்க இடம் இருக்காது. ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்த நான் விடிந்ததும் எழுந்து, வீட்டிலிருந்த சோலாப்பூர் போர்வையை எடுத்துக்கொண்டு பீச்சுக்குப் போனேன். தண்ணீருக்குக் கிட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷம். வீட்டுக்கு வந்து, எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பத்து மணிக்குப் போனோம்.

என் போர்வையின்மேல் ஒரு முழுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு சித்தப்பா மாதிரி ஆள். ஈர மணலில் ஒரு தர்ப்பூசணியைக் குளிர்ச்சிக்காகப் புதைத்து வைத்திருந்தார்கள்.

"இது என்னுடையது," என்றேன் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில்.

அந்த அப்பா மலர்ந்த முகத்தோடு எழுந்து என் கையைக் குலுக்கினார். "உங்களுடையதா? நல்ல துணி. யாரோ விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நெனச்சோம். உக்காருங்க, உக்காருங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு." எழுந்தவர் மறுபடி அங்கேயே உட்கார்ந்தார். ஒருத்தரும் இடத்தைக் காலி செய்கிற வழியாகத் தெரியவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. "விடியக்காலைல வந்து போட்டுட்டுப் போனேன் நான்," என்று தமிழில் கிரேஸிடம் கத்தினேன்.

"போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டீங்கல்ல," என்றாள் அவள். "அவங்க பாவம், வந்தாங்க, உக்காந்தாங்க. இது என்ன கம்பெனி பஸ்ஸா?"

சொல்லிக்கொண்டே அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் எலுமிச்சைச் சாதம் அந்தப் பக்கமும், அவர்களுடைய உருளைக்கிழங்கு ஆம்லெட் இந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தன. சித்தப்பா ஊறுகாயை நக்கிப் பார்த்துவிட்டுக் கடலுக்குள் ஓடினார். பியூலா அந்தப் பெண்களோடு தண்ணீருக்குள் போனவள், அதன்பின் எது என் பெண் எது அவர்கள் பெண் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். வீம்பு. அப்புறம் வீம்பு தீர்ந்துபோய், யாதகிரி ஞாபகம் வந்தது. சதாசிவப்பேட்டை பஸ்ஸில் அவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும். உயரமான பையன், தலை கூரையில் இடிக்கும், கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்பான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கிரேஸைப் பார்த்தேன். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நிற்கிறாள். அந்த அம்மா என்னவோ சொல்ல, பாதிகூடப் புரியாமல் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ராமச்சந்திராபுரத்தில் இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இவளை இங்கிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் மறுபடியும் அந்தக் குவார்ட்டர்ஸில் வைப்பதா? அங்கே நின்றபடியே முடிவு பண்ணிவிட்டேன். இதில் நான் எதை விரும்பினேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. அவளுக்கும் நல்லது, யாதகிரிக்கும் நல்லது, அது போதும் என்று தோன்றியது.

6

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தந்தி ஆபீசுக்குப் போய் ராஜினாமாவை அனுப்பினேன். மூர்த்திக்கும் ஒன்று: குவார்ட்டர்ஸைக் காலி செய்து யாதகிரிக்குக் கிடைக்க ஏற்பாடு செய்.

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. கடலோரச் சாலையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நம்புவீர்களோ என்னவோ, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கப்பல் மெதுவாகத் திரும்பியது. எழுந்து போக வேண்டும் என்றே தோன்றவில்லை. இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு காலமாக எதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டும் வாங்கினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கிரேஸ் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். பியூலா மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ராஜினாமா அனுப்பிட்டேன்," என்றேன். "குவார்ட்டர்ஸ யாதகிரிக்குக் குடுக்கச் சொல்லி மூர்த்திக்கும் தந்தி அடிச்சுட்டேன். இனிமே நிம்மதியா இங்கயே இருக்கலாம்."

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "என்னைக் கேட்டீங்களா?"

"நீ இங்க சந்தோஷமா இருக்கியே கிரேஸ். மூணு வருஷமாப் பாக்குறேன்ல."

"இருந்தேன். போகப் போறோம்னு தெரியும், அதனால இருந்தேன்." குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷம்தானே, ஒண்ணையும் விடக்கூடாதுன்னு கோட்டைக்குப் போனேன், பேண்டு கேட்டேன், கடல்ல நின்னேன். ஊருக்குப் போனா இதெல்லாம் எங்க கெடைக்கும்னு. வீட்டுக்கு ஒரு ஸ்பூன் வாங்கினேனா நான்? எதுக்கு வாங்கலைன்னு நெனச்சீங்க?"

சிக்கனம் என்று நினைத்தேன். 

அவள் உள்ளே போய் மெத்தைக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்து வந்து திறந்தாள். பாதிக்கு மேல் அடுக்கிவிட்டிருந்தாள். மேலாக, நியூஸ் பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதியிருந்தது. பெண்கள் கையில் வைத்து விசிறிக்கொள்கிற மடக்கு விசிறிகள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் உள்ள ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் ஒன்று. லட்சுமம்மாவுக்கு, எதிர்வீட்டு நசீமுக்கு, மூர்த்தி மனைவிக்கு. யாதகிரியின் மனைவிக்கும் ஒன்று இருந்தது.

"அம்மா குடுத்த தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, துணி சுத்தி மூடி வெச்சுட்டு வந்தேன்," என்றாள். "மூணு வருஷம் தாங்கும்னு."

பியூலா படத்திலிருந்து தலை தூக்கினாள். "மேரா சைக்கிள்?" என்றாள். குவார்ட்டர்ஸ் பால்கனியில் பூட்டி வைத்துவிட்டு வந்த சைக்கிள். இப்போது அவள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் ஹாண்டில் பாரில் இடிக்கும். 

இன்னொரு தந்தி அடிக்கிறேன், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன். "யாதகிரி பொண்டாட்டிகிட்ட இன்னிக்கே மூர்த்தி சொல்லியிருப்பார்," என்றாள் கிரேஸ். "அந்தப் பொண்ணு பாத்திரத்தக் கட்ட ஆரம்பிச்சிருக்கும். விடுங்க." அடுப்பை மறுபடி பற்றவைத்து மிச்ச நெத்திலியைப் போட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடி ஜெபம் முடிந்ததும் நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கிரேஸ் மேசையின்மேல் ஏறி நின்று ஜன்னலை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

"நீ கெளம்பலையா?"

"திரைச்சீலை தைக்கணும். ஒரு மெஷின் பாக்கணும், கட்டில் பாக்கணும். நெறைய வேலை கெடக்கு."

"பேண்டு வாசிப்பாங்களே."

"வாசிக்கட்டும். கடல் எங்க போயிடப் போகுது? இனிமே என்னிக்கு வேணாலும் பாத்துக்கலாம்."

டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, பிடிக்கச் சொன்னாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் கடலுக்குப் போகாத முதல் ஞாயிறு அது.